காலையில் சொன்ன பாட்டு

எங்கள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. மேலே எத்தனையோ மாடிகள். அங்கே அழுக்காகிற துணியெல்லாம் சுவருக்குள் இருக்கும் பெரிய குழாய் வழியாகச் சரிந்து எங்கள் தலையில்தான் விழும். போர்வை, தலையணை உறை, ஆபரேஷனுக்குப் போடும் பச்சை அங்கி என்று விடிந்தால் ஒரு மலை. துவைக்கும் மெஷின்கள் ஒரு வரிசை, காயவைக்கிற மெஷின்கள் எதிர் வரிசை, நடுவில் சூடான உருளைக்குள் போர்வையை இழுத்துத் தேய்த்துத் தள்ளும் மெஷின். எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வோம். இந்தச் சத்தத்தோடு மல்லுக்கு நிற்கிற பாட்டு உலகத்தில் ஒரே வகைதான் என்று கண்டுபிடித்தவள் இடியக்கா.

இடியக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். ஐம்பதைத் தாண்டியவள், ஒல்லி. பேசினால் அடுத்த ஆளுக்குக் கேட்காத குரல். பார்த்தால் தாலாட்டைக்கூட உரக்கப் பாடமாட்டாள் என்று தோன்றும். ஆனால் அவள் கேட்பதெல்லாம் வெளிநாட்டு ராக், ஹெவி மெட்டல். கிதார் அலறும், டிரம்ஸ் மண்டையைப் பிளக்கும், ஒருத்தன் உயிர் போகிற மாதிரி கத்துவான். இதை அவளுக்குப் பழக்கியது அவள் தம்பி. சின்ன வயதில் யாரோ வேண்டாமென்று தூக்கிப்போட்ட ஒரு பெட்டி கேசட்டை எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் போட்டிருக்கிறான். முதல் தடவை கேட்டபோது பாத்திர அடுக்கு சரிந்துவிட்டதென்று சமையலறைக்கு ஓடினாளாம்.

அவர்களுடைய அம்மா இறந்த வாரம்தான் அது அவளுக்குப் பிடித்துப்போனது. அழுகையும் வராமல் மூச்சும் விட முடியாமல் மெஷின் முன்னால் நின்றிருக்கிறாள். துணி பிழிகிற வேகம் ஏறியபோது தம்பி போடும் பாட்டு ஒன்று அதோடு சேர்ந்து தலைக்குள் ஓடியிருக்கிறது. "அப்பதான் மூச்சு வந்துச்சு" என்பாள். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

பிறகு ஒரு சின்ன ஸ்பீக்கரை வாங்கித் தண்ணீர்க் குழாயில் கட்டித் தொங்கவிட்டாள். சூப்பர்வைசர் வந்து, "மேல ஆபரேஷன் நடக்குதும்மா" என்றார். "இங்க நடக்கிறது மட்டும் என்ன சார்" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த ரத்தக்கறைப் போர்வையைக் காட்டினாள். அவர் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து அவரே வந்து, தலைவலியாகவும் மனசு ஒரு மாதிரியாகவும் இருக்கிறது, ஏதாவது பாட்டு உண்டா என்று கேட்டார்.

ஏனென்றால் அதற்குள் அவள் பாட்டு சொல்கிறவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். யாருக்காவது முகம் வாடியிருந்தால் போதும், கிட்டே வருவாள். என்ன நடந்தது என்று துருவ மாட்டாள். எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பாள். அழுகை தொண்டையில் நின்றுகொண்டு வராமல் இருக்கிறதா? அப்படியானால் மெதுவாக ஆரம்பித்துப் பாதியில் வெடிக்கிற பாட்டு. யார்மேலாவது கோபமா? இரண்டு காலாலும் டிரம்ஸை உதைக்கிற பாட்டு, அதுவும் தனியாகக் கேட்க வேண்டும். சும்மா சலிப்பா? பழைய ராக், கைதட்டிக்கொண்டு பாத்திரம் தேய்க்கலாம். வாயில் நுழையாத பெயர்களை அவள் சொல்லமாட்டாள். நம் போனை வாங்கி அவளே தேடி எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

"வார்த்தை ஒண்ணும் புரியலையே அக்கா" என்று ஒருமுறை கேட்டேன்.

"புரியாத வரைக்கும் நல்லது. புரிஞ்சா அதுவும் அறிவுரை ஆயிடும்."

தம்பியிடம் ஒரு பாட்டுக்கு அர்த்தம் கேட்டாளாம். சாத்தானைப் பற்றி என்று சொல்லியிருக்கிறான். "போகட்டும், அவனைப் பத்தியும் யாராவது பாடணும்ல" என்றாளாம்.

எனக்கும் சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் வேறொருத்தியோடு ஓடிப்போன வாரம் நான் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அவளே வந்து என் போனை வாங்கினாள். துணி வைக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டேன். அது என்னைத் தூக்கி நிறுத்தியதா என்று கேட்டால் தெரியாது. பாட்டு முடியும்வரை நான் அழவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் டவுன் பஸ் டிரைவர். நாற்பதைத் தாண்டியவன். கல்யாணம் ஆகி அது நிலைக்கவில்லை. அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அதுக்கு லீவு போடணுமே" என்பாள். இரண்டு பேரும் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே அவனுடைய பழைய கேசட் பெட்டி. அவன் பஸ்ஸில் நான் போயிருக்கிறேன். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போடுவான். பஸ்ஸில் பாட்டு போட அனுமதி கிடையாது. தலைக்குள் ஓடுவதற்கு யார் அனுமதி வாங்குகிறார்கள்?

ஒரு நாள் மத்தியானம், கடைகள் நெருக்கமாக இருக்கிற ஒரு திருப்பத்தில், நிறுத்தியிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஒருவர் நீளமான பிளாஸ்டிக் பைப்பைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். குழாய் வேலை செய்கிறவர். பைப் மறைத்துக்கொண்டதால் பஸ் வரும் பக்கம் அவருக்குத் தெரியவில்லை. தம்பி பிரேக்கை மிதித்தான். பஸ் நின்றது. ஆனால் அவர்மேல் மோதிவிட்டுத்தான் நின்றது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் உயிர் போய்விட்டது.

விசாரணை நடந்தது. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. வேகம் இல்லை, குடி இல்லை, கையில் போன் இல்லை. டிரைவர்மேல் தவறில்லை என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். தம்பி யூனிபாரத்தோடு வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். "நிறுத்தினேன் அக்கா, நிறுத்திட்டேன்" என்று சொன்னான். பிறகு பேசவில்லை.

வேலைக்குப் போகவில்லை. டிப்போவில் நல்லவர்கள், லீவு கொடுத்தார்கள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சோற்றைத் தட்டில் போட்டு வைத்தால் அப்படியே காய்ந்துபோய் இருக்கும். ஷேவ் பண்ணவில்லை. அக்கா குளிக்கச் சொன்னால் குளிப்பான், சொல்லாவிட்டால் இல்லை. ஒரு பெரிய ஆளைத் துண்டைக் கொடுத்துக் குளிக்க அனுப்புவது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு அவள் சொல்லவில்லை, நாங்களே நினைத்துக்கொண்டோம்.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஸ்பீக்கரைக் குழாயிலிருந்து அவிழ்த்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அவன் அறை வாசலில் வைத்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். மெதுவாக ஆரம்பிக்கிறவை, வெடிக்கிறவை, அவன் பதினெட்டு வயதில் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டவை. ஒன்றுக்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் வந்து எங்களிடம் சொல்வாள்.

அப்போதுதான் ஒரு விஷயம் நடந்தது. அவள் எங்களுக்குக் கொடுத்த மருந்தையெல்லாம் நாங்கள் அவளுக்கே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தோம். தேய்க்கிற மெஷினில் நிற்கும் பெரியவர், அவரை நாங்கள் உருளை அண்ணன் என்போம், அவர் சொன்னார்: "எனக்கு ஒண்ணு குடுத்தியேம்மா, என் பையன் வீட்ட விட்டுப் போனப்ப. அதைப் போட்டுப் பாரு." சூப்பர்வைசர் தன்னுடையதைச் சொன்னார். மேல்மாடி நர்ஸ் ஒருத்தி வந்து தன்னுடையதைச் சொல்லிவிட்டுப் போனாள். நானும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாத பாட்டா? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் ஒவ்வொருவரும் சொல்லும்போது முதல்முறையாகக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் அவள் நடையே வேறாக இருந்தது. மெஷினை ஓடவிட்டுவிட்டு என் பக்கம் வந்தாள்.

"எழுந்திருச்சு வந்துட்டான்" என்றாள்.

"யாரு, தம்பியா?"

"ஒரு பாட்டு போட்டேன். நடுவுல கிதார் ரெண்டு சேர்ந்து ஏறும், பாரு, அது. ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல கதவத் திறந்துட்டு வந்தான். வந்து வயரப் பிடுங்கிட்டு உள்ள போயிட்டான்."

"பிடுங்கிட்டாரா?"

"பிடுங்கட்டுமே. காதுல விழுதுல்ல? இத்தனை நாளா விழவே இல்லையே. இன்னிக்கும் போடப் போறேன்."

உருளை அண்ணன், "போடும்மா, விடாத" என்றார். கோபம் வந்தால் உயிர் வந்த மாதிரி என்று சூப்பர்வைசர் சொன்னார். நானும் சந்தோஷமாகவே, "போடுங்கக்கா" என்றேன். அன்றைக்கு முழுவதும் சலவைக்கூடத்தில் ஒரு கலகலப்பு. அவள் சாப்பாட்டைக்கூட முழுதாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, பாட்டு வேணாம்னுட்டான்" என்றாள். ஸ்பீக்கர் திரும்பி வரவில்லை. மெஷின் சத்தத்தை வெறுமனே கேட்டுக்கொண்டு வேலை செய்வது எவ்வளவு கொடுமை என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பல வாரம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னாள். பெரிய போர்வைகளை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிராக நடந்து வந்து, முனைகளைச் சேர்த்து, விலகிப் போய், மறுபடி வர வேண்டும். அப்படிக் கிட்டே வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

இரண்டாம் நாள் அந்தப் பாட்டைப் போட்டதும் அவன் வந்து வயரைப் பிடுங்கவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, இதைப் போடாத."

"ஏன்டா, உனக்குப் பிடிச்ச பாட்டுதானே?"

"அன்னிக்குக் காலைல நீ சொன்ன பாட்டு இது."

அவளுக்கு ஞாபகமே இல்லை. அவன் சொன்னான்: "எனக்கு டிபன் பாக்ஸ் மூடிக் குடுத்துட்டே சொன்ன. மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது, அந்த ரெண்டு கிதார் பாட்டக் கேட்டுட்டுப் போன்னு. டிப்போ போற வரைக்கும் அதத்தான் கேட்டேன். திரும்பத் திரும்ப."

"சரி, அதுக்கென்ன?"

"அது மண்டைய விட்டுப் போகவே இல்ல. அந்த ஆளு இறங்கினப்பவும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. விரல் ஸ்டியரிங்ல தட்டிட்டு இருந்துச்சு. கண்ணு ரோட்லதான் இருந்துச்சு அக்கா, சத்தியமா ரோட்லதான். ஆனா விரல் தட்டிட்டு இருந்துச்சு."

"விரல் தட்டினா என்னடா? கேமராவுலயே பார்த்துட்டாங்க. உன்மேல தப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்களே."

"கேமராவுல மண்டைக்குள்ள தெரியாதுல்ல."

பிறகு சொன்னானாம்: "மனசு நல்லா இருந்துச்சு அக்கா. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அவ்ளோ நல்லா இருந்துச்சு. அப்பதான் அவர் இறங்கினாரு."

இதைச் சொல்லிவிட்டு இடியக்கா போர்வையின் முனைகளை என் கையில் சேர்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"பாட்டு வேலை செஞ்சிருக்கு, பாரு" என்றாள்.

விதி என்று சொல்லலாம். யாரும் சொல்வது அதுதான். விரல் தட்டினால் கால் பிரேக்கை மிதிக்க நேரமாகுமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பாட்டு கேட்காமல் போயிருந்தால் அவன் சோர்ந்த முகத்தோடு வண்டி ஓட்டியிருப்பான், அப்போதும் அந்த மனிதர் அதே இடத்தில் இறங்கியிருப்பார், பஸ் கொஞ்சம் முன்னால் நின்றிருக்குமா, அதே இடத்தில்தான் நின்றிருக்குமா, யாருக்குத் தெரியும். "நான் வாய மூடிட்டு இருந்திருந்தா?" என்று அவள் கேட்டாள். நான் அடுத்த போர்வையை எடுத்தேன். அவளும் எடுத்தாள்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டர் இருக்கிறார். அவர் வார்டுத் துணியை இத்தனை வருடமாகத் துவைத்துக்கொண்டிருக்கிறோம், அந்த மாடிக்கு நாங்கள் போனதில்லை. அக்கா தம்பியை அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார், மாத்திரை கொடுத்தார், நேரமாகும் என்றார். எவ்வளவு நேரம் என்று இவள் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்ல முடியாதும்மா என்று அவரும் கையை விரித்துவிட்டார். மாத்திரையில் அவன் தூங்கினான். சாப்பாடும் கொஞ்சம் இறங்கியது. முகத்தில் எதுவும் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து, "அந்த வீட்டுக்குப் போகணும்" என்றான். எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பேரும் நடந்தே போனார்கள். பஸ்ஸில் ஏற அவனால் முடியவில்லை.

குறுகலான சந்தில் மாடிவீடு. கதவைத் திறந்தது அந்த மனிதரின் மனைவி. யார் என்று இவர்கள் சொன்னதும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு, "உள்ள வாங்க" என்றாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அறையின் மூலையில் குழாய் வேலைச் சாமான்கள் ஒரு பையில் அப்படியே இருந்தன. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"நீங்க இறங்கி அவரைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னு சொன்னாங்க. அவரு ஏதாவது சொன்னாரா?"

தம்பி தலையைக் குனிந்தபடி சொன்னான்: "பைப்ப எடுத்து ஓரமா வைக்கச் சொன்னாரு. யாராவது தடுக்கி விழுந்துடப் போறாங்கன்னு."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "அவரு அப்படித்தான்" என்றாள். "நீங்க வச்சீங்களா?"

"வச்சேங்க."

அந்த அம்மா தலையாட்டினாள். தம்பி நிமிர்ந்து, "இன்னொன்னு சொல்லணும்ங்க" என்று ஆரம்பித்தான். அப்போது இடியக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் நிறுத்திக்கொண்டான். அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. "உங்க மேல கோபம் இல்ல. ஆனா இனிமே வராதீங்க, என்னால முடியாது" என்றாள். வந்துவிட்டார்கள்.

இதை என்னிடம் சொன்னபோது, "ஏன்க்கா பிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலடி. அவன் அழுதுடுவானோன்னு பிடிச்சேனா, வாயத் திறந்துடுவான்னு பிடிச்சேனா. அவனுக்காகவா எனக்காகவான்னு கூடத் தெரியல."

திரும்பி வரும் வழியில் தம்பி, "சொல்லியிருக்கணும் அக்கா" என்றானாம். "சொன்னா அந்தம்மா அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணும்?" என்று இவள் கேட்டிருக்கிறாள். "அதுவும் சரிதான்" என்றானாம்.

இப்போது அவன் மறுபடி டிப்போவுக்குப் போகிறான். வண்டி ஓட்டுவதற்கில்லை, பஸ்களைக் கழுவுகிற இடத்துக்கு. அவனே கேட்டு வாங்கிக்கொண்டது. தண்ணீர்க் குழாயை நீட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் பஸ்களைக் கழுவுவதில் அவனுக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. சில நாள் போவான். சில நாள் போகமாட்டான். போகாத நாளில் டிப்போவிலிருந்து அக்காவுக்குப் போன் வரும். மெஷின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "உடம்பு சரியில்ல சார்" என்பாள்.

எங்கள் கூடத்தில் உருளை அண்ணன் ஒரு பழைய ரேடியோ கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதில் வருவது மெஷின் சத்தத்தில் கொசு கத்துவதுபோல் இருக்கிறது. யாரும் அணைப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை.

போன வாரம் மேல்மாடியிலிருந்து ஒரு நர்ஸ் புதிதாக வந்தாள். பார்த்தாலே தெரிந்தது, எங்கேயோ அழுதுவிட்டு வந்திருக்கிறாள். இங்கே ஒரு அக்கா பாட்டு சொல்வார்களாமே என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் கையிலிருந்த வேலையைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டோம். இடியக்கா அந்தப் பெண்ணை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கை பாதி நீண்டது, போனை வாங்குவதற்கு. பிறகு அந்தக் கையாலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"நீ வண்டி ஓட்டுவியாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லைங்களே, பஸ்லதான் வர்றேன்."

"அப்படியா" என்றாள் இடியக்கா. அந்தப் பெண் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். அவளுக்குப் பாட்டு கிடைக்கவில்லை.

நேற்று காலையில் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். முந்தின நாள் குழம்பில் உப்பு இல்லை என்று குறை சொன்னானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் எத்தனையோ மாதமாக நான் பார்க்காத ஒன்று வந்தது. இன்று காலையும் அதே ஆசையில் கேட்டேன்.

"நான் கிளம்பும்போது எழுந்திருக்கல" என்றாள். "கதவத் தட்டினேன். 'இருக்கேன்க்கா, நீ போ'ன்னான்."